சிலிண்டருக்கு அனுமதி, ஓடுதளத்துக்குப் பூட்டு

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிழக்கே அமைந்திருந்த இர்விண்டேல் மோட்டார் பந்தயத் திடல், 2024 டிசம்பர் 21 ஆம் திகதி நடைபெற்ற இறுதிப் பந்தயத்துடன் மூடப்பட்டது. 1999 இல் திறக்கப்பட்ட அத்திடலில் எட்டில் ஒரு மைல், அதாவது ஏறத்தாழ 200 மீற்றர் நீளமான நேர் ஓடுதளம் ஒன்றும் இருந்தது. சாதாரண மக்கள் தமது சொந்தக் கார்களைக் கொண்டுவந்து வியாழக்கிழமை இரவுகளில் அதில் ஓட்டிப் பார்ப்பதற்கு இடமளிக்கப்பட்டிருந்தது. இப்போது அந்த நிலம் கைத்தொழில் வர்த்தகக் கட்டடத் தொகுதிக்கென ஒதுக்கப்பட்டுவிட்டது. விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் இடம்பெறும் செய்தியாகவே பலரும் இதனைக் கடந்து சென்றிருப்பர். ஆயினும், மனித உயிர்களுடன் சம்பந்தப்பட்ட விடயம் என்பதால் இதனைச் சற்று ஆழமாக நோக்க வேண்டியிருக்கின்றது.

பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் 'சிரிப்பூட்டும் வாயு'வை எமது வாசகர்கள் அறிந்திருப்பர். நைதரசு ஒட்சைட்டு எனப்படும் அதே வாயுவே, சிலிண்டரில் அடைக்கப்பட்டு, காரின் பின்பெட்டியில் பொருத்தப்பட்டு, என்ஜினின் வலுவைக் கூட்டும் சாதனமாகவும் விற்கப்படுகின்றது. நாம் சுவாசிக்கும் காற்றின் நிறையில் ஏறத்தாழ 23 சதவீதமே ஒட்சிசனாகும். நைதரசு ஒட்சைட்டில் அது 36 சதவீதமாகும். என்ஜினின் வெப்பத்தில் இவ்வாயு பிரிந்து ஒட்சிசனை வெளிவிட, அதற்கேற்ப மேலதிக பெற்றோலையும் எரிக்க முடிகின்றது. திரவ நிலையிலிருந்து ஆவியாகும்போது உட்செல்லும் காற்றையும் அது குளிரச் செய்து அடர்த்தியாக்குகின்றது. இதனால் சாதாரண காரொன்றுக்கு 50 முதல் 150 வரையான குதிரைவலு சில விநாடிகளுக்கு மேலதிகமாகக் கிடைக்கின்றது. இரண்டாம் உலக மகா யுத்தத்தின்போது, காற்று ஐதான உயரங்களில் பறப்பதற்காக ஜேர்மனிய விமானங்கள் கையாண்ட உபாயமே இது.

இச்சாதனத்தின் அமைப்பு முறையில் கவனத்திற்குரிய அம்சமொன்று உண்டு. அக்ஸிலேற்றர் மிதி அடிவரை அழுத்தப்பட்டால் மாத்திரமே வாயு திறக்கும் வகையில் சிறு ஆளியொன்று பொருத்தப்படுவது வழமை. அரைகுறை வேகத்தில் திறந்தால் கலவை பிழைத்து என்ஜின் சேதமுறும். பெற்றோல் போதாமல் வாயு மட்டும் அதிகமாகச் சென்றால் பிஸ்டன் உருகித் துளைபடவும் கூடும். ஆக, முழு வேகத்தில் பாயும் நோக்கமின்றி இதனைப் பயன்படுத்துவது இயலாது. கலிபோர்னியாவின் பெருந்தெருக்களில் பொதுவான வேக எல்லை மணிக்கு 65 மைல், சில இடங்களில் 70 மைல். ஏற்கனவே வலுமிக்க காரொன்றின் மிதியை அடிவரை அழுத்தி, அதற்கு மேல் 100 குதிரைவலுவையும் சேர்த்தால் அந்த எல்லை எத்தனை விநாடிக்கு நிற்கும்?

இருந்தும் சட்டம் இச்சாதனத்தை எவ்வாறு நோக்குகின்றது என்பது விந்தையானது. போதைக்காக இவ்வாயுவைச் சுவாசிக்கும் எண்ணத்துடன் வைத்திருப்பது கலிபோர்னியாவில் குற்றம். கார்களுக்கென விற்கப்படும் வாயுவை எவரும் சுவாசிக்காதிருக்கும் பொருட்டு அதில் கந்தகவீரொட்சைட்டுச் சிறிதளவு கலக்கப்படுகின்றது. அம்மாநிலத்தின் காற்று வளச் சபை, சாதனத்தைப் பரிசோதித்து, புகை மாசு அதிகரிக்கவில்லை எனக் கண்டால் வீதிக் கார்களில் பொருத்துவதற்கு விலக்களிப்பு இலக்கமும் வழங்குகின்றது. சில சாதனங்கள் அவ்வாறு விலக்களிப்புப் பெற்றும் உள்ளன. நுரையீரலைப் பற்றியும் புகையைப் பற்றியும் விசாரிக்கும் அரசு, வேகத்தைப் பற்றி மட்டும் விற்பனையாளரிடம் ஒன்றும் கேட்பதில்லை. வேகம் பொலிஸாரின் பொறுப்பாக விடப்பட்டிருக்கின்றது.

விளைவு என்ன? 2000 ஆம் ஆண்டு முதல் 2017 வரை லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் வீதிப் பந்தயமெனச் சந்தேகிக்கப்படும் விபத்துகளில் குறைந்தபட்சம் 179 பேர் உயிரிழந்தனர் என 'லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' பத்திரிகை கணக்கிட்டிருந்தது. பந்தயம் ஓடியோர் மாத்திரமன்றி, வீதியால் சென்ற அப்பாவிகளும் அத்தொகையில் அடங்குவர். அந்நகரைக் களமாகக் கொண்டு 2001 இல் வெளிவந்த 'த ஃபாஸ்ட் அன்ட் த ஃபியூரியஸ்' என்ற ஹொலிவூட் திரைப்படம், பொத்தானை அழுத்தியதும் கார் பறக்கும் காட்சிகளால் இந்தச் சிலிண்டரை உலகெங்கும் இளைஞர்களின் கனவுப் பொருளாக்கியது. பிஸ்டன் உருகுவதைக் காட்டுவதை விட நீல வெளிச்சத்தைக் காட்டுவது இலாபகரமானது போலும்.

தண்டனைகள் இல்லாமலில்லை. வீதிப் பந்தயம் ஓடி முதற்தடவை குற்றவாளியாகக் காணப்படுபவருக்கு 24 மணித்தியாலம் முதல் 90 நாட்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். வாகனத்தை 30 நாட்கள் தடுத்து வைக்கலாம். இவை அவசியமானவையே. இவற்றைத் தளர்த்துமாறு நாம் கூறவில்லை. ஆனால், சட்டபூர்வமாக விற்கப்படும் ஒரு பொருளைச் சட்டபூர்வமாகப் பயன்படுத்தக்கூடிய ஒரேயொரு இடம் மூடிய ஓடுதளம்தான் என்றிருக்க, அந்த ஓடுதளங்களையே ஒவ்வொன்றாக விற்றுவிட்டுத் தண்டனையை மட்டும் நம்பியிருப்பது எவ்வகையில் நியாயம் என்றே கேட்கின்றோம்.

இக்கேள்வி அந்நகருக்குப் புதியதன்று. 1965 இல் வொட்ஸ் பகுதியில் மூண்ட கலவரத்தில் 34 பேர் மாண்டனர். அதன் பின்னர், வியட்நாம் யுத்தத்தில் பணியாற்றித் திரும்பிய 'பிக் வில்லி' ரொபின்சன் என்ற கறுப்பினத்தவர், கறுப்பர், வெள்ளையர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் அனைவரையும் வீதிப் பந்தயக்காரர்களின் சகோதரத்துவ அமைப்பொன்றில் ஒன்றிணைத்தார். ஒருவரையொருவர் சந்தேகத்துடன் நோக்கிய இளைஞர்கள் ஒருவரது என்ஜினை மற்றவர் குனிந்து பார்க்கும் நிலை உருவாகியது. இனப் பகைமையின் விலையை அறிந்த எமது வாசகர்களுக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. அவரது முயற்சியினால், மேயர் டொம் பிராட்லியின் ஆதரவுடன், துறைமுகத்தை அண்டிய டேர்மினல் தீவில் 1974 இல் ஓடுதளமொன்று திறக்கப்பட்டது. மூடப்பட்டும் திறக்கப்பட்டும் வந்த அது 1995 இல் நிரந்தரமாக மூடப்பட்டது. துறைமுகத்திற்கு நிலம் தேவைப்பட்டது. ரொபின்சன் 2012 இல் காலமாகும் வரை அதனை மீளத் திறக்குமாறு கோரி வந்தார்.

பின்னர் ஃபொன்டானா பந்தயத் திடலின் பெரும்பகுதி நிலமும் களஞ்சியசாலைகளுக்கென விற்கப்பட, 2023 பெப்ரவரியுடன் அங்கு பெரும் பந்தயங்கள் முடிவுக்கு வந்தன. அடுத்து இர்விண்டேல். பொதிகளை வீடுகளுக்கு அனுப்பும் வர்த்தகம் பெருகியதால் தென் கலிபோர்னியாவின் நிலம் பொன்னாகிவிட்டது. தனியார் ஒருவர் தமது நிலத்தை விற்பதைக் குறை கூற முடியாது. ஆனால் பொதுமக்களின் பாதுகாப்புடன் பிணைந்த ஓரிடத்தைக் காணி விலை மாத்திரமே தீர்மானிக்க விட்ட உள்ளூராட்சி நிர்வாகங்களைக் குறை கூறலாம்.

ஓடுதளம் இருந்தாலும் வீதியில் ஓடுபவன் ஓடுவான், சட்டத்தை மீறுவதில்தான் அவனுக்கு இன்பம் என வாதிடுவோர் உளர். இவ்வாதத்தில் உண்மையில்லாமல் இல்லை. இர்விண்டேல் திறந்திருந்த காலத்திலும் வீதிகளில் உயிர்கள் பலியாகின. சந்திகளை மறித்துக் கார்களைச் சுழற்றும் கூட்டத்தினர் எந்த ஓடுதளத்தையும் நாடப் போவதில்லை. ஆயினும், ஆயிரக்கணக்கான டொலர் செலவிட்டுச் சிலிண்டர் பொருத்தி, தனது கார் 200 மீற்றரை எத்தனை விநாடியில் கடக்கும் என அறியத் துடிக்கும் இளைஞன் வேறு வகையினன். அவனுக்குத் தேவை ஒரு நேர்கோடும் நேரங்காட்டும் கருவியும்தான். இன்று அதற்காக அவன் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வடக்கே 200 கிலோமீற்றருக்கு மேல் பயணித்து, பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அப்பாலுள்ள ஃபமோஸோ ஓடுதளத்தை நாட வேண்டும். அல்லது நள்ளிரவில் வீட்டருகேயுள்ள களஞ்சிய வீதிக்கு இறங்க வேண்டும்.

அயல் நகரான சான் டியாகோ 1990களின் இறுதியில் வேறொரு வழியைக் கண்டது. அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புடன், நகர விளையாட்டரங்கின் வாகனத் தரிப்பிடத்திலேயே எட்டில் ஒரு மைல் பந்தயங்கள் மேற்பார்வையுடன் நடத்தப்பட்டன. அதே நகரம் வீதியில் ஓடுவோரின் கார்களைப் பறிமுதல் செய்யவும் தயங்கவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸில் விளையாட்டரங்குகளுக்கும் அவற்றைச் சூழ்ந்த தரிப்பிடங்களுக்கும் குறைவில்லை. அவற்றுள் ஒன்றையேனும் வாரத்தில் ஓரிரவுக்குத் திறந்துவிடுவதற்கான பிரேரணையை மாவட்ட மேற்பார்வையாளர் சபையும் மாநகரசபையும் கூட்டாகப் பரிசீலிக்க வேண்டும். மேற்பார்வை, காப்புறுதி, அம்புலன்ஸ் ஆகியவற்றுக்கான செலவை எங்கிருந்து பெறுவது என்ற கேள்வி எழும். சிலிண்டர்களை விற்று இலாபமீட்டும் நிறுவனங்களிடம் அதில் ஒரு பங்கைக் கோருவது தவறாகாது.