அன்னையின் பண்டிகைக் கணக்கு

விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம், வீட்டிற் காணும் சிக்கனத்தைக் கண்டு சிலவேளை முகஞ் சுளிக்கின்றோம். சென்ற தீபாவளி கழிந்தது முதலே மாதந்தோறும் தீபாவளிச் சீட்டுக் கட்டி வருபவள் அன்னை. 1935ஆம் ஆண்டிலே தோன்றிய கைத்தறிக் கூட்டுறவுச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ், தீபாவளியை ஒட்டி நூற்றுக்கு 30 வீதம் தள்ளுபடி தரும் என்றறிந்து, அதுவரை கிழிந்த போர்வையோடு பொறுத்திருப்பவளும் அவளே. ஒரே தானில் துணி கிழித்துப் பிள்ளைகள் அனைவர்க்கும் சட்டை தைப்பிப்பாள். வளரும் பிள்ளையாயிற்றே என்று மடிப்பில் இரண்டங்குலம் கூடுதலாக விடச் சொல்லுவாள். (அச்சட்டையை அணிந்து தெருவிற் செல்ல நாம் நாணியதுண்டு.) கடைப் பலகாரத்தின் விலையைக் கேட்டுத் திரும்பியவள், இரவெல்லாம் அடுப்பருகே அமர்ந்து அதிரசமும் முறுக்கும் சுடுகின்றாளே, இதனைக் கஞ்சத்தனம் என்னல் தகுமோ?

கஞ்சன் தனக்கும் பிறர்க்கும் ஒருங்கே மறுப்பான். இவள் மறுப்பது தனக்கு மட்டுமே. நம் குறையும் அதுவே. அவள் எழுதும் பட்டியலில் எல்லார் பெயரும் உண்டு, அவள் பெயர் இல்லை. கேட்டால், “போன வருஷத்துச் சேலை இன்னும் புதிதாகத்தானே இருக்கிறது” என்பாள். இவ்வொரு விடையை மட்டும் நாம் ஏற்றுக்கொள்ளலாகாது. இவ்வாண்டு பட்டியல் எழுதும் பேனாவை நாம் வாங்கிக்கொண்டு, வெடிக்கென நமக்கு ஒதுக்கிய தொகையை அவள் சேலைக்கு மாற்றி எழுதுவோம். அவள் கோபிப்பாள், கோபிக்கட்டும்.