குடியிருக்க ஓர் ஊர்

ஆண்டுதோறும் நம் கல்லூரியில் நிகழும் பழைய மாணவர் கூட்டத்தில், முன்னெல்லாம் ஒருவரையொருவர் கண்டவுடன் வினவுவது, "இப்போது எங்கே உத்தியோகம்?" என்பதாகும். அண்மையில் அவ்வினா மாறியிருத்தலைக் காண்கிறோம். "எங்கே இடம் வாங்கினீர்கள்?" என்பதே இப்பொழுது முதற்கேள்வி. வாங்காதவர் தலை குனிகிறார். வாங்கியவரோ விலையைச் சொல்லும் வரையில் மகிழ்ந்திருந்து, நகரிலிருந்து எவ்வளவு தொலைவு என்று கேட்டவுடன் பேச்சை மாற்றிவிடுகிறார்.

கோயம்புத்தூரில் வேலையும் கோயம்புத்தூருக்கு வெளியே வீடும் என்னும் வாழ்க்கை நம் இளைஞருள் பெரும்பாலார்க்கு இனித் தவிர்க்கலாகாதது. நகரினுள் ஒரு சென்ட் நிலத்துக்குக் கொடுக்கும் பொருளைக் கொண்டு வெளியே பல சென்ட் வாங்கலாம் என்பது உண்மையே. ஆதலின் வெளியே போகலாமா என்பதன்று நாம் ஈண்டு ஆராயப் புகுவது. எவ்விடத்துக்குப் போவது என்பதே. இதில் நம் அன்பர்கள் பெரும்பாலும் பிழைபடுகின்றனர் என்பது நம் அபிப்பிராயம். அவர்கள் மனையைத் தேடுகின்றனர், ஊரைத் தேடுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற அன்பர் ஒருவர் கிழக்குப் புறவழிச்சாலைக்கு அப்பால் ஐந்து சென்ட் மனை வாங்கி, இருபதாண்டுத் தவணைக் கடனில் வீடும் கட்டினார். நுழைவாயிலில் வளைவு உண்டு. பூங்கா என்று குறிக்கப்பட்ட இடத்தில் இரண்டு கல் ஆசனங்கள் உண்டு. காலை ஏழரை மணிக்கு அவர் மோட்டார் சைக்கிளில் ரயில் நிலையத்தை அடுத்த தம் அலுவலகத்துக்குப் புறப்படுகிறார். அவர் மனைவியார் வேறொரு வண்டியில் பள்ளிக்கூடத்துக்குச் செல்கிறார். வீட்டில் எஞ்சியிருப்பவர் அன்பரின் தாயார். அவ்வம்மையார் தம் வாழ்நாளெல்லாம் தோட்டத்துச் சாளையிலே இருந்தவர். அங்கும் தனிமைதான், ஆயினும் மாடும், களத்து வேலையும், வரப்பின் வழியே போவோர் வருவோரும் இருந்தனர். இங்கே பகற்பொழுதில் ஒருவரும் இல்லை. பஸ் ஏறவேண்டுமானால் நிழலற்ற சாலையில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடக்கவேண்டும். நடந்து சேர்ந்த பின்னும் விரைவு வண்டிகள் அங்கே நில்லா. சென்ற கோடையில் அவருக்குக் கண்ணில் சிகிச்சை நடந்தது. ஒவ்வொரு முறை மருத்துவரைக் காணவும் மகன் அரைநாள் விடுப்பு எடுக்க நேர்ந்தது. நான்காம் முறை அம்மையார், "சாமி, என்னை இங்கே வீட்டுக்குக் காவல் வெச்சுட்டீங்களா?" என்று கேட்டாராம். அன்பர் இதனை நம்மிடம் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. வீட்டைப் பார்த்து வாங்கினோமே, அம்மாவைப் பார்த்து வாங்கவில்லையே என்றார்.

நகரை விட்டு வெளியேறிக் குடியமர்தல் கோவையார்க்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தாக்கியபோது, பழைய ஊரின் நெருங்கிய தெருக்களை விட்டு மக்கள் வெளியே சென்றனர். அவ்வகையில் மேற்கே வளர்ந்ததே, நகரசபைத் தலைவராயிருந்த இரத்தினசபாபதி முதலியார் பெயரால் ஆர். எஸ். புரம் என இன்று வழங்கும் பகுதி. தெருக்கள் நேராக வகுக்கப்பட்டு வீடுகள் எழுந்தன. சிறுவாணி நீரை நகருக்குக் கொணர உழைத்தவர்களுள்ளும் அவர் ஒருவர். 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகவே, பீளமேடும் சிங்காநல்லூரும் ஆலைகளைச் சூழ்ந்து பெருத்தன. 1981-இல் கோவை மாநகராட்சியானபோது சிங்காநல்லூர் அதனுள் அடங்கிற்று. 2011-இல் குறிச்சியும் குனியமுத்தூரும் கவுண்டம்பாளையமும் சேர்க்கப்பட்டன. இவ்விடங்களுக்குப் போனவர்களுக்கு அங்கே தெருவோ, தண்ணீரோ, பிழைப்போ ஏதேனும் ஒன்று காத்திருந்தது. இன்று நடப்பது வேறு. தென்னந்தோப்பு அழிகிறது, எல்லைக் கற்கள் நடப்படுகின்றன, பெயர்ப்பலகை எழுகிறது. மற்றவை தாமே பின்னால் வரும் என்கிறார் தரகர்.

அவருடைய விளம்பரத் தாள்களைப் படிப்பதில் நமக்கு ஒருவகை இன்பம் உண்டு. விமான நிலையம் பத்து நிமிடம், டைடல் பார்க் பதினைந்து நிமிடம் என்று அவை கூறும். எந்த வண்டியில், எந்த வேளையில் என்று கூறுவதில்லை. நள்ளிரவுக்குப் பின் சோதித்துப் பார்த்தார்கள் போலும்! 2024-இல் உக்கடம் மேம்பாலமும், 2025 அக்டோபரில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள அவிநாசி சாலை மேம்பாலமும் திறக்கப்பட்டன, பின்னதற்கு ஜி. டி. நாயுடு பெயர் சூட்டப்பெற்றது. சொந்த வண்டியுடையார்க்கு இவை பேருதவி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் மேம்பாலத்தின் நடுவே ஏறவும் இறங்கவும் பஸ் நிறுத்தம் இல்லை. வண்டியில்லாதவர் கீழேதான் நிற்கிறார். ஓர் இடத்தை மதிப்பிடுவதற்கு அந்த வண்டியில்லாதவரே சரியான அளவுகோல் என்பது நம் துணிபு. ஒவ்வொரு குடும்பத்திலும் அவர் ஒருவர் இருக்கிறார்: முதியவராகவோ, பள்ளிச் சிறுவராகவோ, கால் முறிந்து கிடக்கும் நாளில் நாமாகவோ.

இனி, கோவையின் அமைப்பை அறியாமல் வெளியூர் தேடுவோர் அடையும் துன்பம் ஒன்றுண்டு. இந்நகரின் பஸ்கள் ஒரே நிலையத்தில் வந்து கூடுவன அல்ல. பொள்ளாச்சி, பழனி, பாலக்காட்டு வழி வண்டிகள் உக்கடத்தில் நிற்கின்றன. திருச்சி, மதுரை வழியின சிங்காநல்லூரில். மேட்டுப்பாளையம், உதகை வழியின மேட்டுப்பாளையம் சாலைப் புது நிலையத்தில். சத்தியமங்கலம், ஈரோடு, சேலம் வழியின காந்திபுரத்தில். ஆதலின் கிணத்துக்கடவில் வீடும் சரவணம்பட்டியில் வேலையும் உள்ளவர் நாள்தோறும் நகரைத் தெற்கிலிருந்து வடக்காக ஊடுருவ வேண்டும். அவருக்கு ஊர்ப் பிரயாணம் எளிது. நகருக்குள் செய்யும் பிரயாணமே கொடிது. அவரே அன்னூரில் இருந்தால் சத்தி சாலை வழியே நேராக வந்து, காந்திபுரத்துக்கு முன்னமே இறங்கிவிடுவார். குறிச்சித் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்க்கோ கிணத்துக்கடவே நன்று. சிங்காநல்லூர்ப் பக்கத்தார்க்குச் சூலூர். வேலை எந்தச் சாலையிலோ வீடும் அந்தச் சாலையிலேயே இருக்கவேண்டும் என்னும் இந்த எளிய கணக்கைப் பட்டதாரிகளும் போடத் தவறுவது வியப்பே. வேலை மாறினால் என்செய்வது என்பர் சிலர். நல்ல கேள்வி. அதற்காகவே முதலில் ஓராண்டேனும் வாடகைக்கு இருந்து பார்க்கச் சொல்கிறோம்.

சாலையினும் சிறந்தது இருப்புப்பாதை. போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் கிளைப்பாதை 1873-இல் திறக்கப்பட்டது. அதற்கு அப்பால் நீலகிரி மலைப்பாதை குன்னூரை எட்டியது 1899-இல். இக்கிளையில் துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை ஆகிய ஊர்கள் உள்ளன. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் புகைவண்டி (மின்சாரத்தில் ஓடுவதைப் புகைவண்டி என்பது நம் பழக்கதோஷம்) ஒரு மணி நேரத்துக்குள் கோவையை அடைகிறது. காலைவேளையில் மேட்டுப்பாளையம் சாலையில் காரிலோ பஸ்ஸிலோ அவ்வாறு வருவேன் என்று உறுதி சொல்லவல்லார் எவர்? கட்டணமும் மிகச் சிறிது; மாதச் சீட்டு வாங்கினால் பின்னும் சிறிது. குறையும் உண்டு. பாதை கோவை வடக்குக்கு அப்பால் ஒற்றைப் பாதை. ஆதலின் வண்டிகள் பல இல்லை. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணிக்கு மேலும் காத்திருக்க நேரும். பொள்ளாச்சிப் பாதையோ 1915-இல் திறக்கப்பட்டு, அகலப்பாதையாக்கும் பொருட்டுப் பல ஆண்டுகள் மூடப்பெற்று, 2017-இல் மீண்டும் திறக்கப்பட்டது. கிணத்துக்கடவு அதன் மேல் இருந்தும், அலுவலகம் செல்வோர்க்கு ஏற்ற வண்டிகள் போதா.

சென்னையோடு ஒப்பிட்டால் நம் குறை விளங்கும். அங்கே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் அந்தப் பாதையைப் பற்றிக்கொண்டு வளர்ந்தன. சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவினின்று தாம்பரத்துக்குப் பெயர்ந்தது 1937-இல். அங்கே மாணவரும் ஆசிரியரும் நகரோடு தொடர்பறாமல் இருக்க அந்த ரயிலே துணை நின்றது. கோவையிலோ இருப்புப்பாதைகள் பல திசையிலும் இருந்தும், புறநகர் வண்டி என்று சொல்லத்தக்கது மேட்டுப்பாளையப் பாதை ஒன்றே. புறவழிச்சாலைக்கும் மேம்பாலத்துக்கும் குரல் கொடுக்கும் நம்மவர், இன்னும் நான்கு வண்டிகளுக்கு ஏன் குரல் கொடுப்பதில்லை? பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரண நகரப் பஸ்களில் கட்டணம் நீக்கப்பட்டது பெரிய நன்மை; ஆனால் அந்தப் பஸ் வராத இடத்தில் மனை வாங்கியவர் வீட்டுப் பெண்களுக்கு அச்சலுகையால் பயன் யாது?

அடுத்து நீர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்நாட்டுக்கு ஆண்டு முழுதும் பெய்வது 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் குளிர்ச்சியாக வீசும். மழை மலைக்கு அப்பால் பெய்துவிடும். நகருக்குச் சிறுவாணியும், பில்லூரிலிருந்து பவானி நீரும் வருகின்றன. வெளியூர்களிலோ எந்தத் திட்டத்தின் குழாய் எந்தத் தெரு வரையில் வந்துள்ளது என்பதைப் பொறுத்தது வாழ்க்கை. அன்னூர், அவிநாசிப் பக்கங்களில் ஆயிரம் அடிக்குக் கீழும் ஆழ்துளை இறக்கியவர்களை நாம் அறிவோம். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 2024 ஆகஸ்டில் தொடங்கி, 1,045 குளங் குட்டைகளுக்குப் பவானியின் உபரி நீரைக் கொண்டுசேர்க்கிறது. அது நிலத்தடி நீரை உயர்த்தும் திட்டமே ஒழிய, உங்கள் சமையலறைக் குழாயைத் திறந்துவிடும் திட்டம் அன்று. தரகரைக் கேளாதீர்கள். தெருமுனையில் குடத்தோடு நிற்கும் பெண்மணியைக் கேளுங்கள்: "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?" என்று. அவர் சொல்லும் எண்ணே அந்த ஊரின் உண்மையான விலை.

பத்திரம், அங்கீகாரம் முதலியன பற்றி விரிக்கவேண்டுவதில்லை. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016-இல் தடுத்தபோது எத்தனை பேர் தவித்தனர் என்பது பலர்க்கும் நினைவிருக்கும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலைக் கண்ணாற் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். மேற்கே மலையடிவாரத்தில் அழகிய காட்சி கண்டு மயங்குவோர்க்கு ஒரு சொல்: அங்கே பல கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகளுக்கு உட்பட்டவை, அன்றியும், யானை தன் பழைய வழியைப் பத்திரம் பார்த்து மாற்றிக்கொள்வதில்லை.

ஊர் என்று நாம் சொல்வது யாது? காரமடையில் அரங்கநாதர் கோயிலும் மாசித் தேரும், அவற்றைச் சூழ்ந்த கடைவீதியும் உண்டு. கிணத்துக்கடவில் பொன்மலைக் கோயிலும் தக்காளிச் சந்தையும் உண்டு. சூலூருக்கு இரண்டு குளங்கள். அன்னூருக்கு மன்னீசுவரர் கோயில். பெரியநாயக்கன்பாளையத்தில், 1930-இல் தி. சு. அவினாசிலிங்கம் தொடங்கிய இராமகிருஷ்ண வித்யாலயம் ஊரையே ஒரு கல்விச்சாலையாக்கிற்று. இவ்வூர்கள் கோவை நகருக்குப் படுக்கையறையாகப் பிறந்தவை அல்ல. இங்கே தையற்காரர் உண்டு, மருந்துக்கடை உண்டு, முதியவர் உட்கார்ந்து பேசத் திண்ணை உண்டு. மேல்நாட்டில் எபனேசர் ஹவர்டு என்பவர் 1898-இல் தோட்ட நகரம் பற்றி நூலெழுதி, 1903-இல் இலண்டனுக்கு வடக்கே லெச்வொர்த் என்னும் ஊரை உண்டாக்க முன்னின்றபோது விரும்பியதும் தொழிலும் கடையும் வயலும் தன்னிடத்தே உடைய ஊரையே. அவர் வெறும் நிலத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நமக்கோ அத்தகைய ஊர்கள் முன்னோர் வைத்துப்போன சொத்தாகவே கிடக்கின்றன. நாம் அவற்றைத் தாண்டிச் சென்று வெறுங்காட்டில் வளைவு கட்டுகிறோம்.

ஊருக்குள் மனை விலை அதிகமன்றோ என்று கேட்பார்க்கு: ஆம், அதிகமே. சாளையின் பரப்பில் வளர்ந்த கொங்கு மக்களுக்கு நெருங்கிய வீடு மூச்சு முட்டும் என்பதையும் அறிவோம். ஆயினும் வெறுங்காட்டில் ஐந்து சென்ட் வாங்கி, அதனோடு இரண்டு வண்டிகளும் எண்ணெய்ச் செலவும் தண்ணீர் லாரிச் செலவும் விடுப்பு நாட்களும் சேர்த்துக் கணக்கிட்டால், நிலையத்துக்கு அருகே இரண்டரை சென்ட் வாங்கியவர் நட்டப்பட்டவர் ஆகார்.

மேற்கூறிய அன்பர் இந்தத் தை மாதம் தம் புதுவீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் காரமடைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டில் குடிபுகுந்தார். வரும் வாடகை தவணையில் பாதிக்கே போதுகிறதாம். காலை வண்டியில் நின்றுகொண்டே வருகிறேன், உட்கார இடம் கிடைப்பதில்லை என்று நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். அம்மையார் எப்படி இருக்கிறார் என்று கேட்டோம். மறுமுறை கண் மருத்துவரைக் காணத் தாமே அக்கம்பக்கத்துப் பெண்மணி ஒருவரோடு ரயிலேறிக் கோவைக்கு வந்து, வேலை முடிந்ததும் மகனுடைய அலுவலக வாசலில் வந்து நின்று, "சாப்பிட்டீங்களா சாமி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாராம்.