பெற்றவர்களின் மரபணுவை யார் கேட்டார்கள்?

மரபணுச் சோதனை என்ற சொல்லைத் தமிழகத்துத் தலித் மக்கள் அண்மையில் மிகுதியாகக் கேட்டது வேங்கைவயல் வழக்கில்தான். 2022 டிசம்பரில் அவ்வூர்த் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. சிபிசிஐடி 31 பேரின் மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்த்தது, எதுவும் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. தொடக்கத்தில் குருதி தர மறுத்த இளைஞர்கள், நீர் குடித்தவர்களையே சோதிப்பது என்ன நீதி என்று கேட்டதை நாம் மறக்கவில்லை.

சேரி மக்களின் மரபணுவை ஐயத்தின்பேரில் கேட்கத் தெரிந்த அரசு, அவர்கள் எதையேனும் இழந்து நிற்கும்போது அதே சோதனையை ஒருமுறையேனும் முன்வந்து செய்திருக்கிறதா? இக்கேள்விக்குச் சென்னையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

1990களின் இறுதியில் புளியந்தோப்பு உள்ளிட்ட வடசென்னைக் குடியிருப்புகளிலிருந்து சிறு குழந்தைகள் காணாமற்போயினர். தெருக்குழாயடியில் விளையாடிய பிள்ளை, வாசலில் உறங்கிய பிள்ளை எனப் பெற்றோர் காவல் நிலையங்களில் முறையிட்டனர். 2005-இல் பிடிபட்ட சிலரின் வாக்குமூலத்திலிருந்துதான் அப்பிள்ளைகள் போன வழி தெரிந்தது. கடத்தியவர்கள் பிள்ளைகளை 'மலேசியன் சோஷியல் சர்வீசஸ்' என்ற தத்து நிறுவனத்திடம் விற்றனர். தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவில் விலை பேசப்பட்டது என்பது குற்றச்சாட்டு. 1991 முதல் 2003 வரை அந்நிறுவனத்தின் வழியாக அமெரிக்கா, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குத் தத்துச் சென்ற குழந்தைகள் குறைந்தது 165 பேர். வழக்கு பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. 165 பேரும் கடத்தப்பட்டவர்கள் என்று எவரும் சொல்லவில்லை. கடத்தப்பட்டவர் யார், வறுமையால் மனமொப்பிக் கொடுக்கப்பட்டவர் யார் என்று பிரித்தறிய முடியாதபடி ஆவணங்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தன என்பதுதான் சிக்கல்.

தத்துக்கு விடப்படும் குழந்தைக்கு ஒப்படைப்புப் பத்திரம் ஒன்று எழுதப்படும். அதில் தாயின் பெயர், முகவரி, கொடுப்பதற்கான காரணம், கையொப்பம் அல்லது கைரேகை, சாட்சிகள் இருக்கும். கடத்தப்பட்ட பிள்ளைக்கும் இத்தகைய பத்திரம் எழுதப்பட்டது. இல்லாத தாய் ஒருத்தி அதில் கையெழுத்திட்டாள். பிள்ளைக்குப் புதுப் பெயரும் சில வேளைகளில் புதிய மதமும் கிடைத்தன. இருபது ஆண்டுகள் கழித்து அயல்நாட்டிலிருந்து வேர் தேடி வரும் இளைஞரின் கையில் இருப்பது இந்தப் பத்திரம்தான். சுவிட்சர்லாந்தின் சூரிச், துர்காவ் மாநிலங்கள் 1973 முதல் 2002 வரை இந்தியாவிலிருந்து வந்த தத்துகளை ஆராயச் செய்தன. அந்த ஆய்வின் தலைப்பே 'தாய்: தெரியாது' என்பதாகும்.

பொய்யில்லாத பத்திரமும் எளிதில் வழிகாட்டுவதில்லை. திருவேற்காட்டையே எடுத்துக்கொள்வோம். 1996-இல் அங்கே பிறந்த குழந்தையின் சான்றிதழில் மாவட்டம் செங்கல்பட்டு என்றிருக்கும். 1997-இல் அம்மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. திருவேற்காடு திருவள்ளூரில் சேர்ந்தது. 2019-இல் செங்கல்பட்டு என்ற பெயரில் மீண்டும் ஒரு மாவட்டம் பிறந்தது. அதில் திருவேற்காடு இல்லை. அயல்நாட்டிலிருந்து வருபவர் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு இன்றைய செங்கல்பட்டுக்குப் போய் நின்றால், அவரைத் திருப்பியனுப்புவதைத் தவிர எழுத்தர் என்ன செய்வார்?

ஊர் சரியாகக் கிடைத்தாலும் தெரு இருக்கவேண்டும். திருவேற்காட்டைத் தொட்டு மதுரவாயல், கோயம்பேடு வழியாக நகருக்குள் நுழையும் கூவத்தின் கரைகளில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் 'சீரமைப்பு' என்ற பெயரால் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிச் செல்லப்பட்டன. வீட்டோடு குடும்ப அட்டையும் மருத்துவமனைச் சீட்டும் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலும் போயின. நமக்கு முக்கியமானது அந்தக் கடைசித் தாள். பெற்றோர் பிள்ளையை விட்டுக்கொடுக்கவில்லை, தேடினார்கள் என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேறில்லை. ஒப்படைப்புப் பத்திரத்தின் நாளையும் புகாரின் நாளையும் அருகருகே வைத்தாலே பல பொய்கள் உடையும். பத்திரத்தில் கைரேகை இருந்தால் அது இன்னும் நல்லது. பெயரை மாற்றி எழுதலாம், ரேகையை மாற்ற முடியாது.

எல்லாத் தாள்களும் கைவிட்ட இடத்தில் மரபணு வருகிறது. பெற்றவருக்கும் பிள்ளைக்கும் மரபணுவில் பாதி பொதுவாக இருக்கும். இருவரின் மாதிரியும் ஒரே மேசைக்கு வந்தால் ஐயத்துக்கே இடமில்லை. ஆனால் அயல்நாட்டில் வளர்ந்தவர் எச்சிலைக் குப்பியிலிட்டு வணிக நிறுவனத்துக்கு அனுப்பும்போது மறுபக்கம் காலியாகவே இருக்கிறது. அந்நிறுவனங்களின் தரவுத்தளங்களை நிறைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். இந்தியர்களில் அங்கிருப்பவர்கள் பணமும் கடவுச்சீட்டும் உள்ளவர்கள். பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வாழும் தாயின் மாதிரி அங்கே எப்படி வரும்? 'தென்னிந்தியா 92 விழுக்காடு' என்று வரும் வண்ணப்படத்தால் ஒரு தெருவைக்கூடக் கண்டறிய முடியாது.

சாதியும் இங்கே குறுக்கிடுகிறது. தாயின் மாதிரி இல்லாதபோது தூரத்து உறவினரின் பொருத்தத்தைக் கொண்டு கிளைகிளையாகத் தாயை நோக்கி நகர்வதே மரபணு வம்சாவளித் தேடலின் முறை. பல தலைமுறைகளாக அகமணத்தில் அடைபட்ட சமூகங்களில் இம்முறை தடுமாறுகிறது. 2017-இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மைய அறிஞர்களும் ஹார்வர்டு அறிஞர்களும் இணைந்து வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவில் ஆராயப்பட்ட 263 குழுக்களில் 81-இல் மிக வலுவான அகமணத் தடம் இருப்பதைக் காட்டியது. இத்தகைய குழுவில் ஒருவரையொருவர் அறியாத இருவரும் தாயாதிகளைப்போலத் தோன்றுவர். எனவே தூரத்துப் பொருத்தத்தை நம்பி ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டுவது ஆபத்து. நேரடிப் பெற்றோர் மாதிரிதான் ஐயத்தைத் தீர்க்கும். அம்பேத்கர் சாதியின் இயங்குமுறை அகமணம் என்று 1916-இலேயே எழுதிவிட்டார். அது காணாமற்போன பிள்ளையைத் தேடும் வழியையும் அடைக்கிறது.

அப்படியெனில் சட்டம் தாயின் மாதிரியைக் கேட்டு வாங்க வேண்டும். நடப்பது வேறு. மத்திய தத்துவள ஆணையத்தின் விதிமுறைகள் வேர்த் தேடலைத் தத்துச் சென்றவரின் உரிமையாக ஏற்கின்றன. மூன்றாம் நபர் தேடுவதைத் தடுக்கின்றன. பெற்ற தாயின் தனியுரிமையைக் காக்கச் சொல்கின்றன. மணமாகாமல் பெற்று மனமொப்பிக் கொடுத்த பெண்ணுக்கு இந்தக் காப்பு அவசியம்; அதைத் தளர்த்த நாம் கோரவில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்துத் தேடும் தாய்க்கு விதிகளில் இடமே இல்லை. அவர் தேடப்படலாம், தேட முடியாது. கடத்தப்பட்ட பிள்ளை ஒருவரின் சென்னைப் பெற்றோர் நெதர்லாந்துக்கே சென்று, மரபணுச் சோதனை வேண்டி 2010-இல் அந்நாட்டு நீதிமன்றத்தை அணுக நேர்ந்தது இதனால்தான்.

2019-இல் மக்களவையில் வைக்கப்பட்ட மரபணுத் தொழில்நுட்ப மசோதாவில் காணாமற்போனோருக்கெனத் தனி அட்டவணை இருந்தது. அதே வங்கியில் விசாரணைக் கைதிகளுக்கும் ஒரு அட்டவணை. நாட்டின் சிறைகளை நிறைத்திருப்பவர்கள் யார் என்று அறிந்தவர்களுக்கு இந்த இணைப்பின் பொருள் புரியும். 2023-இல் மசோதா திரும்பப் பெறப்பட்டபோது நாம் வருந்தவில்லை. பிள்ளையைத் தேடும் தாயின் மாதிரி காவல்துறையின் கைக்குப் போகக்கூடாது. அது வேறொரு கூரையின்கீழ், அவரது ஒப்புதலோடு, தத்துப் பொருத்தம் ஒன்றுக்காக மட்டுமே இருக்கவேண்டும். மூடப்பட்ட தத்து நிறுவனங்களின் கோப்புகளும் பழைய காவல் நிலையப் புகார்ப் பதிவேடுகளும் அழிக்கப்படாமல் அதே இடத்துக்கு வரவேண்டும். சட்டக் கல்லூரி மாணவர்கள் பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் வீடுவீடாகச் சென்று, இப்படி இழந்த குடும்பங்களிடம் என்ன தாள்கள் மிஞ்சியிருக்கின்றன என்று நகலெடுக்கத் தொடங்கலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இது நடவாத கனவன்று. 1980களில் தங்கள் நாட்டிலிருந்து தத்து என்ற பெயரில் பிள்ளைகள் விற்கப்பட்டதை 2017-இல் ஒப்புக்கொண்ட இலங்கையின் நலவாழ்வு அமைச்சர், மரபணு வங்கி ஒன்றை அமைப்பதாக அறிவித்தார். அர்ஜென்டினா அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1987-இல், தேசிய மரபணுத் தரவு வங்கியைச் சட்டத்தின்வழி நிறுவியது. இராணுவ ஆட்சி பறித்த பேரப்பிள்ளைகளைத் தேடிய மே சதுக்கத்துப் பாட்டிமார் போராடிப் பெற்ற வங்கி அது. இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரர்கள் அடையாளம் காணப்பட்டுள்ளனர். கொடுத்த குருதி வங்கியில் இருந்ததால், பாட்டி இறந்து பல ஆண்டுகள் கழித்துக் கண்டறியப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. 1999-இல் இருபத்தைந்து வயதில் பிள்ளையை இழந்த புளியந்தோப்புத் தாய் ஐம்பதைக் கடந்துவிட்டார். அவரது மாதிரியை இதுவரை எவரும் கேட்கவில்லை.