ஏணியா, ஏமாற்றா?

"ஓராண்டுப் படிப்பு! உடனடி வேலை! நீங்களும் நர்ஸ் ஆகலாம்!"

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் காலத்தில் இப்படிப்பட்ட அழைப்புகள் நம் ஊர்ச் சுவர்களை நிறைக்கின்றன. கடையநல்லூரில் பீடித் தட்டை மடியில் வைத்து இலை சுருட்டும் தாய் அதைப் பார்க்கிறாள். தறியிலே உழைத்து உழைத்துக் கால் ஓய்ந்த தகப்பனும் பார்க்கிறான். மகள் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். மருத்துவராக்க வசதி இல்லை; வெள்ளைச் சீருடையாவது அணியட்டும் என்று காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள். ஆண்டு ஒன்று ஓடுகிறது. அழகாக அச்சடித்த சான்றிதழ் வருகிறது. அதை எடுத்துக்கொண்டு செவிலியர் பதிவுக்குப் போனால் என்ன பதில்? "இது பதிவுக்குரிய படிப்பு அல்ல!"

தோடு போயிற்று; ஆண்டு போயிற்று; நம்பிக்கையும் போயிற்று. குற்றம் யாருடையது? அந்தப் பெண்ணுடையதா? இல்லை, தோழர்களே! அவளுக்கு வழி சொல்லாத நம்முடையது. சொல்லித்தான் பார்ப்போமே.

நோயாளியின் புண்ணைத் துடைப்பதும் பிரசவம் பார்ப்பதும் தீட்டு என்று ஒதுக்கிய சமுதாயம் இது. மருத்துவச்சியின் கையில் பிறந்துவிட்டு, அந்த மருத்துவச்சியையே வாசலுக்கு வெளியே நிறுத்திய சமுதாயம்! அந்தத் தொழிலுக்குச் சட்டத்தின் மதிப்பைத் தந்தது எது? பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1926-ல், சென்னை மாகாணத்தில் வந்த செவிலியர் மருத்துவச்சியர் சட்டம். குழுமம் ஒன்று, பதிவேடு ஒன்று, பயிற்சிக்கு ஒழுங்கு என்று அது வகுத்தது. இந்தியா முழுமைக்கும் அத்தகைய சட்டம் 1947-ல்தான் பிறந்தது. 2023-ல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டங்கள் மாறலாம், பதிவேட்டின் மதிப்பு மாறவில்லை. அதிலே பெயர் இருந்தால் செவிலியர். இல்லையென்றால், எத்தனை ஆண்டு ஊசி போட்டாலும் உதவியாளர்தான்.

பதிவேட்டுக்குச் செல்லும் படிகள் எவை?

முதற்படி ஏ.என்.எம். இரண்டு ஆண்டுகள், பெண்களுக்கு உரியது. கிராமத் துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளின் கணக்கையும் குழந்தைகளின் தடுப்பூசியையும் காத்து நிற்கிறாரே கிராம சுகாதார செவிலியர், அவர் படித்தது இதைத்தான். இரண்டாம் படி ஜி.என்.எம். மூன்று ஆண்டுப் பட்டயப் படிப்பு. முடித்தவர் பதிவு பெற்ற செவிலியர் ஆகிறார். மூன்றாவது பி.எஸ்சி. நர்சிங். நான்கு ஆண்டுப் பட்டம். இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றவருக்கு உரியது.

இவை தனித்தனித் தீவுகள் அல்ல. பதிவு பெற்ற ஏ.என்.எம். செவிலியர் ஜி.என்.எம். படிப்பில் சேரலாம். ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர் இரண்டே ஆண்டில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பட்டம் பெறலாம். வீட்டு நிலைமையால் கீழ்ப்படியில் கால் வைத்தவளும் மேல்படிக்கு ஏறலாம். அதுதான் ஏணி!

ஓராண்டு உதவியாளர் படிப்பு? அது உதவியாளர் வேலைக்கு வழி. அந்த வேலையும் உழைப்புதான், அதை இழிவென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஓராண்டு ஏ.என்.எம். படிப்பிலும் கழியாது, ஜி.என்.எம். படிப்பிலும் கழியாது. உதவியாளர் படிப்பை உதவியாளர் படிப்பென்று சொல்லி விற்றால் வியாபாரம். நர்ஸ் படிப்பென்று சொல்லி விற்றால்? அதற்குப் பெயர் மோசடி!

கடையநல்லூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூர் அயலூர் அல்ல. தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தோடு போய் வாழ்ந்த ஊர். அங்கும் செவிலியரில் இரு நிலைகள் உண்டு. தொழிற்கல்விக் கூடத்தில் பயின்றவர் ஒரு நிலை; பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு பயின்று பதிவு பெற்ற செவிலியரானவர் அடுத்த நிலை. முதல் நிலையில் தேறியவர் பாலிடெக்னிக்கில் சேர்ந்து மேலே வருகிறார். இரண்டு நிலைகளுமே அங்குள்ள செவிலியர் வாரியத்தின் கணக்கில் உண்டு. அமெரிக்காவிலும் ஓராண்டு பயின்ற நடைமுறைச் செவிலியர் உண்டு. ஆனால் அவரும் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர். படி சிறியதாக இருக்கலாம்; சட்டத்துக்கு வெளியே இருக்கக்கூடாது!

ஊதியத்துக்கும் இதுவே அடிப்படை. உச்சநீதிமன்றம் 2016-ல் இட்ட ஆணையின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. மலைக்கு அப்பால் கேரளத்தில் செவிலியர்கள் போராடினார்கள். 2018-ல் அங்கே 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்கப்பட்டது. செங்கோட்டை தாண்டினால் அந்த ஊர். பதிவேடு கையில் இருந்ததால் அவர்களால் உரிமை கேட்க முடிந்தது. பதிவே இல்லாதவள் எந்த உரிமையைக் கேட்பாள்?

ஆகவே பெற்றோரே, கட்டணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். செவிலியர் குழுமத்தின் பட்டியலில் இந்தப் பள்ளியின் பெயர் உண்டா? தேர்வு நடத்துவது யார்: குழுமமா, மருத்துவப் பல்கலைக்கழகமா, அல்லது பள்ளிக்காரரேவா? பயிற்சி பெற மருத்துவமனை எது? பதில் வாயால் வந்தால் போதாது, எழுத்தில் வரட்டும். தயங்குகிற இடத்தில் தோட்டை அடகு வைக்காதீர்கள்!

அரசிடமும் ஒரு கேள்வி உண்டு. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 2019-ல் பிறந்த தென்காசி மாவட்டம் அதில் இல்லை. ஒன்றிய அரசு 2023-ல் 157 செவிலியர் கல்லூரிகளை அறிவித்தது. அவையும் 2014-க்குப் பின் வந்த மருத்துவக் கல்லூரிகளை ஒட்டியே என்றது. மருத்துவக் கல்லூரி இல்லை, ஆகவே செவிலியர் கல்லூரியும் இல்லை என்றால், பீடி சுற்றும் ஊரின் மகள் எங்கே போவாள்? அரசு பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022-ல் புதுமைப்பெண் திட்டம் பிறந்தது. பாராட்டுகிறோம். பயணப்படி கிடைத்தது; பயணம் போக இடம் வேண்டாமா? தென்காசி அரசு தலைமை மருத்துவமனையை ஒட்டி அரசு செவிலியர் கல்லூரி வேண்டும். மருத்துவக் கல்லூரி வரும்வரை அதைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு 1929-ல் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. கல்வியும் சொத்துதான். பத்திரம் இல்லாத நிலத்தை நாம் வாங்குவோமா? பதிவு இல்லாத படிப்பை மட்டும் மகளுக்கு ஏன் வாங்க வேண்டும்?