ஒன்றும் அகப்படாத குற்றம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈராக்கில் எஞ்சியிருக்கும் ஆயுதச் சோதனையை முடிக்க வருஷக்கணக்கும் வேண்டியதில்லை, வாரக்கணக்கும் போதாது, சில மாதங்கள் தந்தாற் போதும் என்று ஐ.நா. ஆயுதப் பரிசோதகர் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் அவர்கள் இம்மாதம் 7ஆந் திகதி பாதுகாப்புச் சபையில் கூறியிருக்க, 18ஆந் திகதி பரிசோதகர்களை வெளியேறச் செய்து, 20ஆந் திகதி பக்தாத்தின்மீது அமெரிக்கா குண்டு பொழியத் தொடங்கிய அநியாயத்தையும், அதனை அநியாயமென்று சொல்ல மனமில்லாமல், "நான்கு மாதமாகத் தேடியும் ஒன்றையும் கண்டுபிடிக்காதவர்கள் இருந்தென்ன, போயென்ன" என்ற தோரணையில் தங்கள் பத்திரிகையிற் சில வாசகர்கள் எழுதிவருவதையும் ஆட்சேபித்தே இக்கடிதத்தை வரைகிறேன்.

சதாம் ஹுசைன் உத்தமரென்று நான் வாதிக்க வரவில்லை. 1988இல் ஹலப்ஜாவில் விஷவாயுவுக்கு இரையான குர்திய மக்களை நினைப்பவர் எவரும் அப்படி வாதிக்க மாட்டார். ஆனால், முன்னறிவித்தலின்றி முந்நூறுக்கு மேற்பட்ட இடங்களில் நானூறுக்கு மேற்பட்ட சோதனைகளை நடத்தியதாகப் பெப்ரவரி 14ஆந் திகதியே அறிக்கை கொடுத்தவர்களை, 150 கிலோமீற்றர் என்ற எல்லையை மீறிய அல்-சமூத் ஏவுகணைகளை இம்மாத ஆரம்பத்திலிருந்து உடைப்பித்தவர்களை, நைஜர் நாட்டில் யுரேனியம் வாங்க முயன்றதற்குச் சாட்சியெனக் காட்டப்பட்ட பத்திரங்கள் மெய்யானவை அல்லவென்று சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத் தலைவர் எல்பரதேய் அவர்கள் மூலம் சபையறியச் சொன்னவர்களை, ஒன்றும் செய்யாதவர்களென்று எப்படிச் சொல்வது? தேடிப் பார்த்து இல்லையென்று சொல்வதும் தேடியவனுடைய வேலைதானே.

இந்த நியாயம் பிறருக்கு விளங்காவிட்டாலும் கொழும்புத் தமிழருக்கு விளங்காதிருப்பது எனக்கு ஆச்சரியம். காலி வீதியிற் பஸ்ஸை மறித்து இறக்கி, பையிலிருந்த ஒடியல்மாப் பொட்டலத்தைக் கம்பியாற் குத்திப் பார்த்து, அடையாள அட்டையைப் புரட்டி, பொலிஸ் பதிவுத் துண்டையும் வாங்கி வாசித்த பின்னர், ஆட்சேபிக்கத்தக்க பொருள் எதுவும் அகப்படவில்லை என்பதனாலேயே, 'இவன் நன்றாக ஒளிப்பவன்' என்று சந்தேகம் இரட்டித்து, நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள் எங்கள் ஒழுங்கையில் மாத்திரம் எத்தனை பேர்! வெடிக்கு உதவுமென்ற காரணத்தாற் பேட்டறிகூட வடக்கே போகாது தடுக்கப்பட்ட காலத்தில், வானொலி கேட்க மாட்டாதிருந்த கிழவர்களும் போராளிகளின் கணக்கிலேயே சேர்க்கப்பட்டார்கள். ஐ.நா. விதித்த பொருளாதாரத் தடையால் ஈராக்கியருக்குப் பன்னிரண்டு வருஷமாக நடந்ததும் இதுவே. அத்தடையின் கீழ் மனிதாபிமானப் பணியை நிர்வகித்த டெனிஸ் ஹலிடே 1998இலும், அவர் ஸ்தானத்துக்கு வந்த ஹான்ஸ் வொன் ஸ்பொனெக் 2000இலும், மனம் பொறாது பதவி துறந்தார்கள்.

நம்மவரையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சென்ற மாதம் 7ஆந் திகதி, அரசும் விடுதலைப் புலிகளும் பேர்லினிற் பேச்சுவார்த்தை நடத்தும் வேளையில், நெடுந்தீவுக் கடலில் மறிக்கப்பட்ட புலிகளின் படகிற் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினர் ஏறி ஆயுதமிருக்கக் கண்டதையும், அதிலிருந்த மூவர் படகோடு தம்மை மாய்த்துக்கொண்டதையும் யாவரும் அறிவர். அன்றைக்கு அக்குழுவினரைக் கடற்படையின் கையாட்களென்று ஏசிய வாய்கள்தாம் இன்று பிளிக்ஸின் நடுநிலைமையை மெச்சுகின்றன. அதே குழுவைப் புலிகளின் பட்சத்தாரென்று ஏசுகிற தெற்கத்திக் கனவான்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இம்மாதம் 10ஆந் திகதி முல்லைத்தீவுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட கப்பலைக் கடற்படை ஆயுதக் கப்பலென்கிறது, புலிகள் வர்த்தகக் கப்பலென்கிறார்கள். கப்பலோ கடலடியிற் கிடக்கிறது. முதலிற் சுட்டுவிட்டுப் பின்னர் சோதிப்பதென்றால் இதுதான் கதி.

மீண்டும் ஈராக்குக்கு வருவோம். 1998இல் ஈராக்கிய ஜனாதிபதி மாளிகைகள் எட்டையும் பார்வையிடச் சென்ற விசேட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டவரான ஜயந்த தனபால அவர்கள். பூட்டிய கதவுகள் சமாதானமாகவே திறக்கப்பட்டன. ஆயினும் அவ்வருஷ டிசம்பரிலேயே பரிசோதகர்கள் விலக்கப்பட்டு, குண்டுகள் விழுந்தன. இம்முறை நடப்பது புதிதன்று.

ஆகையால் தங்களிடம் ஒரு விண்ணப்பம். பரிசோதகரைப் பரிகசிக்கும் கடிதங்களை இன்னும் பிரசுரிப்பதானால், அதற்கு முன்னர், பிளிக்ஸ், எல்பரதேய் இருவரும் இம்மாதம் 7ஆந் திகதி சபையில் வாசித்த அறிக்கைகளைச் சுருக்காமல் முழுமையாகத் தமிழிற் பெயர்த்து வெளியிடுங்கள். இடமில்லையென்றால் கிரிக்கெட் பக்கத்திலிருந்து பாதியை எடுக்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
இரத்மலானை.
24-03-2003