ஏமாந்தோம் என்கிறார்கள், ஓட்டுப் போட்டவர்கள்

2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக்கின் மீது படையெடுத்தது. சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். சொன்ன ஆயுதக் குவியல்கள் அங்கே இல்லை. அமெரிக்கா தானே அனுப்பிய தேடல் குழு 2004இல் அப்படித்தான் அறிக்கை கொடுத்தது. அன்று முதல் அந்நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே வழக்கை நடத்திக்கொண்டிருக்கின்றன. புஷ் சொன்னது பொய்யா, உளவுத்துறை செய்த பிழையா?

ஜனநாயகக் கட்சிக்காரர் சொல்வார்: "புஷ் பொய் சொன்னார், நாங்கள் ஏமாந்தோம்." குடியரசுக் கட்சிக்காரர் சொல்வார்: "எல்லோரும்தான் நம்பினோம். கிளிண்டனும் இதையேதானே சொன்னார்?" நம்மில் பலரும் முதல் தரப்புக்கு வக்காலத்து வாங்குகிறோம். புஷ் மீதுள்ள கோபத்தில் அது இயல்புதான். ஆனால் தோழர்களே, இந்த வழக்கில் வாதியும் பிரதிவாதியும் ஒரே வீட்டுக்காரர்கள். செத்தவர் தரப்பில் யாருமே நிற்கவில்லை.

"ஏமாந்தோம்" என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 2002 அக்டோபரில் போருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 296க்கு 133, செனட்டில் 77க்கு 23 என்று நிறைவேறியது. செனட்டில் ஜனநாயகக் கட்சியினர் 29 பேர் ஆதரித்தார்கள். ஹிலாரி கிளிண்டன், ஜான் கெர்ரி, ஜோ பைடன் மூவரும் அதில் உண்டு. பின்னாளில் மூவருமே அக்கட்சியின் அதிபர் வேட்பாளர்கள் ஆனார்கள்.

வாக்கெடுப்புக்கு முன்பே 90 பக்கத்துக்கு மேற்பட்ட உளவு மதிப்பீடு செனட்டர்கள் படிப்பதற்காக வைக்கப்பட்டிருந்தது. அணு ஆயுதம் பற்றிய முடிவை வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு ஏற்கவில்லை என்பது அதற்குள்ளேயே எழுதியிருந்தது. செனட் உளவுக் குழுவுக்கு அப்போது தலைவராக இருந்த பாப் கிரஹாம் அதைப் படித்தார், எதிர்த்து ஓட்டுப் போட்டார். அவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்தான். கீழ்ச்சபையிலும் அக்கட்சியின் 126 பேர் எதிர்த்தார்கள். இவர்களுக்குக் கிடைத்த அறிவு மற்றவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை?

இனி "எல்லோரும் நம்பினோம்" என்ற வாதம். கிளிண்டன் ஈராக் ஆட்சி மாற்றத்துக்கான சட்டத்தில் கையெழுத்திட்டது 1998 அக்டோபரில். அதே டிசம்பரில் குண்டும் போட்டார். அது உண்மை. ஆனால் அது கிளிண்டனையும் குற்றக் கூண்டில் ஏற்றுமே தவிர, புஷ்ஷை இறக்கிவிடாது.

நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஆட்கள் ஈராக்கிலேயே இருந்தார்கள். ஐ.நா. ஆய்வாளர்கள் 2002 நவம்பரில் திரும்பப் போய்த் தேடிக்கொண்டிருந்தார்கள். 2003 மார்ச் 7 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில், வேலையை முடிக்க இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்றார் ஹான்ஸ் பிளிக்ஸ். நைஜரிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்று அதே நாளில் சொன்னார் சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரடேய். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பாக்தாத் மீது குண்டு விழுந்தது. உண்மையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவன் தேடுகிற ஆளை வெளியே போகச் சொல்லிவிட்டுக் குண்டு போடுவானா?

ஆக, பொய்யா பிழையா என்று கேட்பது இரண்டு கட்சிக்கும் வசதி. பொய் என்றால் குற்றவாளி ஒருவர். பிழை என்றால் குற்றவாளியே கிடையாது. இரண்டிலுமே ஓட்டுப் போட்ட கை தப்பித்துவிடுகிறது.

எதற்காக அவர்கள் கொதித்தார்கள் என்பதையும் பாருங்கள். யுரேனியக் கதை தவறு என்று 2003 ஜூலையில் எழுதியவர் முன்னாள் தூதர் ஜோசப் வில்சன். சில நாளில் அவருடைய மனைவி சி.ஐ.ஏ. அதிகாரி என்பது பத்திரிகையில் வெளியாக்கப்பட்டது. வாஷிங்டன் ஆண்டுக்கணக்கில் அதைப் பேசியது. விசாரணையில் பொய் சொன்னதற்காகத் துணை அதிபரின் உதவியாளர் லிபிக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதை புஷ் நீக்கினார், பின்னால் டிரம்ப் முழு மன்னிப்பும் கொடுத்தார்.

ஹதீதாவில் 2005 நவம்பரில் அமெரிக்கப் படையினர் 24 ஈராக்கியப் பொதுமக்களைக் கொன்றார்கள். அதற்காக ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை. அபு கிரைப் சித்திரவதைக்காகச் சிறைக்குப் போனவர்கள் கீழ்நிலைச் சிப்பாய்கள். அமைச்சரோ தளபதியோ போகவில்லை. தண்டனை எப்போதும் கீழ்நோக்கியே பாயும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நாட்டில் சரியான கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஹார்லெம் பகுதியின் பிரதிநிதி சார்லஸ் ரேஞ்சல் கறுப்பினத்தவர், கொரியப் போரில் சண்டை போட்டவர். 2003 ஜனவரியில் கட்டாய ராணுவச் சேவைக்கு ஒரு மசோதா கொண்டுவந்தார். போரை முடிவு செய்கிறவர்களின் பிள்ளைகளும் போக வேண்டியிருந்தால் இவ்வளவு எளிதாக ஓட்டுப் போடுவார்களா என்பதே அவர் வாதம். 2004இல் சபை அதை 402க்கு 2 என்று தூக்கி எறிந்தது. ஆயுதம் இருக்கிறதா என்பதில் அடித்துக்கொண்ட கட்சிகள், யார் பிள்ளை சாவது என்ற கேள்வி வந்ததும் ஒன்றாகிவிட்டன.

இன்னொருவர் பார்பரா லீ. 2001 செப்டம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த மூன்றாம் நாள், அதிபருக்குப் போர் அதிகாரம் தரும் தீர்மானத்தை 420 பேர் ஆதரித்தபோது தனி ஒருவராக எதிர்த்தார். ஈராக் தீர்மானத்தையும் எதிர்த்தார். கறுப்புச் சிறுத்தைகளின் நிறுவனர்களில் ஒருவரான பாபி சீல் 1973இல் ஓக்லாந்து மேயர் தேர்தலில் நின்றபோது, அவருக்காக வேலை செய்தவர் இந்த லீ. 1972இல் மும்பையில் எழுந்த தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை எடுத்துக்கொண்டது அந்தக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான். "ஈராக் போர் நமக்கெதற்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுவே பதில். அமெரிக்காவில் நமக்கு உறவு உண்டு. ஆனால் அது கெர்ரியின் வீட்டிலோ புஷ்ஷின் வீட்டிலோ இல்லை.

பதிவானவற்றை மட்டும் எண்ணினாலே ஏறத்தாழ 2 லட்சம் ஈராக்கியப் பொதுமக்கள் அந்தப் போரிலும் அது திறந்துவிட்ட வன்முறையிலும் செத்திருக்கிறார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் 4,500 பேர். 2016 தேர்தலில், ஆயுதம் பற்றி புஷ் ஆட்சி பொய் சொன்னது என்று குடியரசுக் கட்சி மேடையிலேயே பேசினார் டிரம்ப். கட்சிகள் வசனத்தை மாற்றிக்கொள்ளும். செத்தவர் கணக்கு மாறாது.

எந்த அரசு எந்தப் போருக்குக் காரணம் சொன்னாலும், எந்தக் கட்சி அதை எதிர்ப்பதாகச் சொன்னாலும், நான்கு விஷயங்களைக் கேளுங்கள். அன்றைக்கு அவர்கள் எப்படி ஓட்டுப் போட்டார்கள்? அன்றைக்கே தெரிந்துகொள்ளக்கூடியது என்னவெல்லாம் இருந்தது? யாருடைய பிள்ளைகள் போனார்கள்? தண்டனை எந்தப் படியோடு நின்றது? இதற்குப் பதில் சொல்லாத எவருக்கும், அவர் எவ்வளவு அழகாகப் போரைக் கண்டித்தாலும், நாம் கை தட்ட வேண்டாம்.