புத்தர் முகத்தில் இன முத்திரையா?

புத்தர் சிங்களவரா? இப்படிக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள், சிலர் சினப்பார்கள். இரு சாராரும் ஒரு கணம் பொறுத்து விடை கூறட்டும். இன்றைய நேபாளத்தின் லும்பினியிலே சாக்கிய குலத்தில் பிறந்து, மகத நாட்டு வீதிகளிலே பிச்சை ஏற்று, குசிநகரத்திலே கண்மூடிய அந்த மாமுனிவர் சிங்களவருமல்லர், தமிழருமல்லர். இதனை எந்தப் பிக்குவும் மறுக்கமாட்டார். ஆயினும் திருகோணமலையிலே ஒரு சிலை நாட்டப்படும்போது மட்டும், அச்சிலையின் முகத்திலே ஓர் இனத்தின் முத்திரை குத்தப்பட்டுவிடுகின்றது. சிலை நின்ற மண் அவ்வினத்தின் மண் என்றும், அதனை ஏனென்று கேட்டவன் புத்தருக்கே பகைவன் என்றும் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது. இந்த முத்திரையைக் குத்தியவர் யார், எந்த உரிமையின்படி குத்தினார் என்பதே நாம் எழுப்பும் வழக்கு.

வழக்கின் வரலாற்றை முதலிற் சொல்லிவிடுவோம். 2005 ஆம் ஆண்டு மே மாத நடுவில், ஓர் இரவுக்குள், திருகோணமலை நகரின் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் அண்மையிலே ஒரு புத்தர் சிலை முளைத்தது. விடிந்தபின் ஊர் கண்டது. கடைகள் மூடப்பட்டன, ஹர்த்தால் நடந்தது. கருணையே வடிவான முனிவரைச் சுற்றி முள்ளுக்கம்பியும் துப்பாக்கி ஏந்திய காவலும் எழுந்தன. அந்த எதிர்ப்பை முன்னின்று நடத்திய வன்னியசிங்கம் விக்னேஸ்வரன் 2006 ஏப்ரல் 7 ஆம் நாள் இதே நகரத்திலே பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இருபது ஆண்டு கழிந்து, 2025 நவம்பர் 16 ஆம் நாள், கடற்கரையோரத்து விகாரைக் காணியொன்றிலே மீண்டும் ஒரு சிலை வைக்கப்பட்டது. அன்றிரவு பொலிசார் அதனை எடுத்துச் சென்றனர். மறுநாள் அதே இடத்தில் அது திரும்ப வைக்கப்பட்டது. இரவிலே சட்டம் ஒன்றாகவும் பகலிலே வேறொன்றாகவும் இருந்த விந்தையை நாடு முழுவதும் பார்த்தது.

இவற்றை எதிர்த்தவர்கள் யாவரும் பௌத்த விரோதிகள் என்று தென்னிலங்கை மேடைகளிலே முழங்கப்படுகின்றது. அந்த முழக்கத்தின் அடியிலே கிடப்பது ஒரே ஒரு கற்பனை: புத்தரின் திருவுருவம் சிங்கள உருவம் என்பது. இதனை ஆராய்ந்துதான் பார்ப்போமே!

புத்தர் மறைந்து சில நூற்றாண்டுகள் வரை அவருக்கு மனித உருவமே சமைக்கப்படவில்லை. பார்கூத்திலும் சாஞ்சியிலும் உள்ள பழஞ் சிற்பங்களைப் பாருங்கள். புத்தர் இருக்க வேண்டிய இடத்திலே ஒரு வெறும் ஆசனம் இருக்கும். ஓர் அரசமரம் இருக்கும். இரண்டு பாதச்சுவடுகள் இருக்கும். அவரை முகம் கண்டு வணங்க வேண்டும் என்று அன்றைய அடியார் கருதினார்களில்லை. ஏறத்தாழக் கி. பி. முதலாம் நூற்றாண்டை ஒட்டியே உருவம் வருகின்றது. வடமேற்கிலே காந்தாரத்துச் சிற்பிகள் அவருக்குக் கிரேக்கரின் அப்பொல்லோ தேவனுடைய மூக்கையும், அலையலையான கூந்தலையும், உரோமர் போர்வையையும் கொடுத்தார்கள். அதே காலத்தில் மதுரா நகரத்துச் சிற்பிகள், தங்கள் ஊர் யட்சர்களைப் போன்று அகன்ற மார்பும் மெல்லிய ஆடையும் உடையவராக அவரை ஆக்கினார்கள். கிருஷ்ணை ஆற்றங்கரையிலே அமராவதியார் கண்டது இன்னொரு முகம். அநுராதபுரத்துப் பழஞ் சிலைகள் பலவற்றுக்கு அதுவே மூலம். சீனத்திலே அவர் சீனர் ஆனார். யப்பானிலே காமகூராவில் வெட்டவெளியில் அமர்ந்திருக்கும் பெரிய வெண்கலப் புத்தர் யப்பானியர். சயாம் நாட்டுச் சுகோதாய் சிற்பிகளின் புத்தர் அந்நாட்டு இளைஞர் போல ஒசிந்து நடக்கின்றார். சீனக் கடைகளிலே தொந்தியைத் தடவிச் சிரித்துக்கொண்டிருப்பவரை நம்மவர் பலர் புத்தர் என்றே எண்ணியிருக்கின்றனர். அவர் புத்தரே அல்லர். வரப்போகும் மைத்திரேய புத்தரின் அவதாரம் என்று சீனர் நம்பும் ஒரு சீனத் துறவி!

இத்தனை முகங்களுள் எது உண்மை முகம்? பௌத்தரின் சொந்த நூல்களையே கேட்போம். பாளி நூல்கள் மாபுருடரின் முப்பத்திரண்டு இலக்கணங்களைக் கூறி, பொன்னிற மேனியும் கருநீலக் கண்களும் அவருக்குண்டு என்கின்றன. அதே நூல்களிலே வேறொரு செய்தியும் உண்டு. மகத மன்னன் அசாதசத்து ஒரு நிலா இரவிலே புத்தரைக் காணச் சென்றான். பிக்குகள் கூட்டமாக அமர்ந்திருந்தனர். அவர்களுள் புத்தர் யார் என்று அரசனுக்குத் தெரியவில்லை. நடுத்தூணருகே கிழக்கு நோக்கி இருப்பவரே அவர் என்று மருத்துவன் சீவகன் காட்ட வேண்டியதாயிற்று. புக்குசாதி என்பவனின் கதை இன்னும் வியப்புக்குரியது. புத்தர் பெயரைச் சொல்லியே துறவு பூண்ட அவன், ஒரு குயவனுடைய கொட்டிலிலே புத்தரோடு ஓரிரவு தங்கியும் அவர் யார் என்று அறியவில்லை. உபதேசத்தைக் கேட்ட பின்பே அறிந்தான். முகத்தைக் கண்டு அடையாளம் காண அவர் வாழ்ந்த காலத்திலேயே இயலவில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளின் பின், சீமெந்திலே வார்த்த முகத்தைக் கொண்டு எமது காணிக்கு உறுதி எழுத வருகின்றனர்!

இனி, தமிழருக்கும் புத்தருக்கும் என்ன உறவு என்று கேட்போரை நாம் வெகுதூரம் அழைத்துச் செல்லப் போவதில்லை. திருகோணமலை நகரிலிருந்து வடமேற்கே சில மைல் தூரத்தில், பெரியகுளத்தருகே, வெல்கம் விகாரை இருக்கின்றது. ஊரார் அதனை நாதனார் கோவில் என்று அழைத்து வந்தனர். 1929 ஆம் ஆண்டிலும் 1953 ஆம் ஆண்டிலும் தொல்பொருள் திணைக்களத்தார் அங்கே ஆராய்ந்து எடுத்த சாசனங்கள் தமிழ்ச் சாசனங்கள். இராஜராஜ சோழன், இராஜேந்திர சோழன் ஆகியோர் காலத்தவை. அவற்றிலே அப்பள்ளிக்குப் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. அங்கே விளக்கெரிப்பதற்குப் பசுக்களைக் கொடுத்தவர்களும், விளக்குகளைக் கொடுத்தவர்களும் தங்கள் கொடையைத் தமிழிலே கல்லில் வெட்டி வைத்தார்கள். பதினோராம் நூற்றாண்டிலே இந்த மாவட்டத்தில், சைவ மன்னன் ஒருவனின் பெயரைத் தாங்கிய பள்ளியிலே, தமிழிற் பேசிய பௌத்தர் புத்தரை வணங்கினர். அவர்கள் வணங்கிய புத்தர் எந்த இனத்தவர்? தொல்பொருள் ஆணையாளராயிருந்த பேராசிரியர் பரணவிதான அவர்களே இதனைத் தமிழ்ப் பௌத்தப் பள்ளி என்று ஒப்புக்கொண்டவர். அவரைத் தமிழ்த் தீவிரவாதி என்று சொல்லும் துணிவு எவருக்கேனும் உண்டா?

அதே மாவட்டத்துத் திரியாயிலே, மலைமேல் உள்ள பழைய தூபியருகே பாறையிலே வெட்டப்பட்ட சாசனம் பல்லவ கிரந்த எழுத்திலே, சமஸ்கிருத மொழியிலே இருக்கின்றது. அவலோகிதேசுவரரையும் மஞ்சுசிறீயையும் போற்றும் சாசனம் அது. கடல் கடந்து வந்த வணிகரின் பௌத்தம். இந்தத் துறைமுகத்துக்கு எந்தக் காலத்திலும் ஒரே ஒரு மொழியிலே மட்டும் கடவுள் வந்திறங்கியதில்லை.

அக்கரையிலே நாகபட்டினத்திற்குப் போவோம். அங்கே 1856 ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 350 புத்தர் படிமங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. தலையிலே தீச்சுடர் எழ நிற்கும் அந்த வெண்கலப் புத்தர்களை வார்த்த கைகள், நடராசரை வார்த்த மரபின் கைகள். ஸ்ரீவிசய நாட்டு அரசன் அங்கெழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தவன் இராஜராஜன். மணிமேகலையைப் பாடிய மொழிக்கு, பாளி உரைகாரருள் ஒருவரான புத்ததத்தரைச் சோழநாட்டிலிருந்து தந்த இனத்துக்குப் புத்தர் அந்நியர் என்றால், வரலாறு அறிந்த சிங்களப் பெருமக்களே அதனை ஏற்கமாட்டார்கள். பேராசிரியர் சுனில் ஆரியரத்ன தமிழ்ப் பௌத்தரைப் பற்றிச் சிங்களத்திலே ஒரு நூலே எழுதியிருக்கின்றார்.

எனவே, நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. தோண்டிய குழியிலே புத்தர் சிலை ஒன்று தென்பட்டதும், ஐயோ இது வெளியே தெரிந்தால் காணி போய்விடுமே என்று நடுங்கி மண்ணைத் தள்ளி மூடும் அளவுக்கு நம் மக்கள் வந்துவிட்டனர். அச்சத்தின் காரணம் எமக்குத் தெரியும். அதனை உண்டாக்கியவர்களையும் தெரியும். ஆனால் அந்தக் குழியை மூடும் கை, எதிரியின் வாதத்துக்குத் தன் கையொப்பத்தை இடுகின்றது. அது சிங்களவரின் புத்தர் என்று ஒப்புக்கொண்ட பின்னர் வழக்காட எமக்கு என்ன மிச்சம்?

நம் வீட்டுச் சுவரையும் சற்றுப் பார்ப்பது நல்லது. கரிய மேனியன் என்று கண்ணனைப் பாடினோம். கரியவள் என்று காளியை அழைத்தோம். திருகோணமலைப் பத்திரகாளி கோவிலில் வணங்கிவிட்டு வீடு திரும்பும் பக்தன், சுவரிலே மாட்டியிருக்கும் நாட்காட்டியில் காண்பதோ ரோசாப்பூ நிறத்துத் தேவி! இரவிவர்மா 1894 ஆம் ஆண்டில் பம்பாயருகே செர்மானிய இயந்திரம் கொண்டு அச்சகம் நிறுவித் தெய்வப் படங்களை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தார். அவர் வழியிலே சிவகாசி அச்சகங்கள் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளின. கருங்கல்லிலே கறுப்பாயிருந்த தெய்வங்கள் காகிதத்திலே வெளுத்துப்போயின. கறுப்பாய் எஞ்சியவர் பெரும்பாலும் அரக்கரே. பெண் பார்க்கப் போகுமிடத்தில் நிறம் கேட்கும் சமுதாயம் தெய்வத்திடமும் நிறம் கேட்டது என்க. 2017 ஆம் ஆண்டு இறுதியில் சென்னையிலே இரு இளைஞர்கள் கறுத்த மேனியரையே இலக்குமியாகவும் முருகனாகவும் சீதையாகவும் நிறுத்திப் படம் பிடித்தபோது, அது ஒரு புதுமையாகப் பேசப்பட்டது! பழமையைப் புதுமை என்று வியக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். 1950 ஆம் ஆண்டிலே இந்நகரத்தில் கிணறு வெட்டும்போது வெளிப்பட்ட கோணேசர் கோவிற் படிமங்களைக் கண்டவர் அறிவர்: அந்தச் சோமாஸ்கந்தரின் முகமும் அம்மையின் முகமும் எவரிடமும் இரவல் வாங்கியவை அல்ல.

அப்படிமங்கள் மண்ணுக்குள் போன காரணத்தையும் நினைவூட்டுவோம். 1622 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோவிலை இடித்தான். அதன் கற்கள் கோட்டைச் சுவராயின. இன்றும் அது பிரெட்ரிக் கோட்டை என்ற பெயரோடு நிற்கின்றது. அவர்கள் கொண்டுவந்த இயேசுநாதரின் முகம் லிஸ்பன் நகரத்து முகம். கலிலேயாவிலே வாழ்ந்த யூதத் தச்சர் வெண்ணிறத்தவராக இருந்திருக்க மாட்டார் என்பது இன்று அறிஞர் பலரும் ஒப்பிய செய்தி. 2001 ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்காக, அக்காலத்து யூதர் ஒருவரின் மண்டையோட்டைக் கொண்டு ஓர் அறிஞர் சமைத்துக் காட்டிய முகம் கறுத்துக் குறுமயிர் படர்ந்திருந்தது. எனினும் 1940 ஆம் ஆண்டில் அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் தீட்டிய பொன்னிறக் கூந்தற் கிறித்துவே கோடி கோடியாக அச்சாகி உலகைச் சுற்றியது. மறுபுறத்தில், எதியோப்பியர் தம் நிறத்திலே அவரைத் தீட்டினர். மெக்சிக்கோ நாட்டுக் குவாதலூப்பே அன்னை மாநிற மேனியள். யப்பானிலே மறைந்து வாழ்ந்த கிறித்தவர் கன்னி மரியாளைக் கன்னோன் தேவியின் வடிவிலே வணங்கினர். எமது தீவிலும் டேவிட் பெயின்டர் கண்டி திரித்துவக் கல்லூரி ஆலயத்துச் சுவரிலே விவிலியக் காட்சிகளை இலங்கை மண்ணில் நிறுத்தித் தீட்டியிருக்கின்றார்.

அன்பினாலே ஒரு மக்கள் தம் முகத்தைத் தம் இறைவனுக்குக் கொடுத்தால், அதிலே குற்றமில்லை. சிங்கள மக்கள் புத்தருக்குத் தம் முகத்தைக் கொடுத்ததும் அவ்வாறே; அநுராதபுரத்துச் சமாதி நிலையைக் கண்டு கைகூப்பாத தமிழன் ரசனையற்றவன். பீரங்கியின் பின்னால் வந்த முகமோ வேறு. 1622 இல் கோட்டையின் பின்னால் வந்த முகத்துக்கும், 2005 இல் முள்ளுக்கம்பியின் நடுவே எழுந்த முகத்துக்கும் எமது கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் முஸ்லிம் சகோதரர், இறைவனுக்கு உருவமே கூடாதென்பவர்கள்; அவர்களுடைய அயலிலும் இதே அச்சம் புகுந்திருக்கின்றது.

சட்டம் என்ன சொல்கின்றது? 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகின்றது. அந்த உறுப்புரையை நாம் ஏற்றவரல்லர். எனினும் அதனை உள்ளபடியே வாசிப்போம். 10 ஆம், 14 ஆம் உறுப்புரைகள் ஏனைய மதத்தவருக்குத் தந்த உரிமைகளைக் காத்துக்கொண்டே என்று அதே வாக்கியம் கூறுகின்றது. முதன்மை இடம் என்பது பிறர் காணியில் இடம் என்று எந்த நீதிமன்றத்திலே பொருள்கொள்ளப்பட்டது? 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடற்கரையோரத்துக் கட்டுமானத்துக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்கின்றது. கரையிலே ஒரு கட்டிடம் எழுப்பும் மீனவனுக்கு உள்ள சட்டம் சிலை வைப்போருக்கு இல்லையா? 2020 ஆம் ஆண்டு யூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களைக் காப்பதற்கென்று சனாதிபதி நியமித்த செயலணியின் முதற் பட்டியலிலே ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. தமிழ்ச் சாசனமுடைய புத்தர் பள்ளியைக் காப்பதற்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரேனும் வேண்டும் என்ற எண்ணம் எழவில்லை போலும்.

நாம் கேட்பவை மிகையானவை அல்ல. பொது இடத்திலும் அரச காணியிலும் எந்த மதத்தின் சிலையாயினும், பகலிலே, உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியோடு, அயலவர் ஆட்சேபம் கேட்கப்பட்ட பின்னரே வைக்கப்படல் வேண்டும். பிள்ளையார் சிலைக்கும் மாதா சிலைக்கும் இதே விதி. அனுமதியின்றி வைத்ததை அகற்றிய பொலிசாரை மறுநாள் திருப்பிவைக்கச் செய்யும் அதிகாரம் எந்த அமைச்சருக்கும் இருத்தலாகாது. கிழக்கின் தொல்பொருள் பற்றிய எந்தக் குழுவிலும் தமிழரும் முஸ்லிமும் அவர்தம் தொகைக்கேற்ப இடம்பெறல் வேண்டும். வெல்கம் விகாரையின் தமிழ்ச் சாசனங்களுடைய முழு வாசகமும், இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு, மும்மொழியிலும் அங்கே வருவோர் கண்ணிற்படும் இடத்தில் எழுதி வைக்கப்படல் வேண்டும். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வரும் யாத்திரிகர் அதனை முதலில் வாசிக்கட்டும். பிறகு சிலையைப் பார்க்கட்டும்.